பெரிய வாத்தியார், சின்ன வகுப்பு



டீச்சருக்கும் ஃபுட்பாலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். அமெரிக்காவில் வட கரோலினாவில் இருக்கும் என் அண்ணன் மகன் நேற்று போனில் ஒரு மணி நேரம் இதையேதான் பேசினான். சேப்பல் ஹில்லில் அவன் படித்த பல்கலைக்கழகத்தின் அணி அது. நம் ஊர்க் கால்பந்து இல்லை. தலைக்கவசம் போட்டு, முட்டை வடிவப் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடும் ஆட்டம். "அந்தக் கிழவரை வீட்டுக்கு அனுப்பணும் அத்தை" என்கிறான். எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

அவன் சொல்வது பில் பெலிச்சிக்கை. நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ் என்ற தொழில்முறை அணிக்கு 24 சீசன் தலைமைப் பயிற்சியாளர். 6 முறை சூப்பர் பவுல் வென்றவர். 2024 டிசம்பரில், 72 வயதில், முதல்முறையாக ஒரு கல்லூரி அணிக்கு வந்தார். ஆண்டுக்கு 1 கோடி டாலர் சம்பளம். தன் ஏ.சி.சி. பிரிவில் 1980-க்குப் பிறகு பட்டமே வெல்லாத அணி. கூடைப்பந்துக்குப் பெயர் போன ஊர். இவர் வந்ததும் திருவிழாக் கோலம் பூண்டுவிட்டது.

2025 செப்டம்பர் 1, முதல் ஆட்டம். எடுத்த எடுப்பில் ஒரு டச் டவுன். அதோடு சரி. டி.சி.யு. அணி வரிசையாக 41 புள்ளிகள் எடுத்தது. கடைசியில் 48–14 என்று தோல்வி. சீசன் முடிவில் 4 வெற்றி, 8 தோல்வி.

ஏன் இப்படி? அணியில் ஏறக்குறைய 70 பேர் புதுமுகங்கள். இப்போது மாணவர்கள் சுலபமாகக் கல்லூரி மாறலாம். 2025 ஜூலை முதல் கல்லூரிகளே அவர்களுக்கு நேரடியாகப் பணமும் தரலாம். வருடா வருடம் ஆள் மாறும் வகுப்பு அது. அதிலும் 18, 19 வயதுப் பிள்ளைகள். இவர் இத்தனை காலம் கையாண்டதோ தொழில் தெரிந்த பெரியவர்களை.

பல வருடம் ஐந்தாம் வகுப்பு எடுத்த என்னை ஒரு ஜூன் மாதம் ஒன்றாம் வகுப்புக்கு மாற்றினார்கள். அ, ஆ தானே என்று அலட்சியமாகப் போனேன். அழுகிற பிள்ளையை உட்கார வைக்கவே எனக்குத் தெரியவில்லை. பாடம் தெரிவது வேறு, பிள்ளைக்குப் புரிய வைக்கத் தெரிவது வேறு என்று அன்றுதான் புரிந்தது. அடுத்த வருடம் சரியாகிவிட்டது. ஆனால் என்னிடம் அந்த முதல் வருடம் படித்த பிள்ளைகளுக்கு அடுத்த வருடம் என்று ஒன்று இல்லையே! அவர்களுக்கு நான் இன்னும் கடன்பட்டவள்தான். சேப்பல் ஹில்லிலும் போன சீசனோடு படிப்பை முடித்த பையன்களை நினைத்தால்தான் எனக்கு வருத்தம். பெரியவருக்குச் சம்பளம் வந்துவிடும்.

இனி எப்படி? அக்டோபரில் கலிஃபோர்னியாவிடம் 21–18, வர்ஜீனியாவிடம் கூடுதல் நேரத்தில் 17–16 என்று நூலிழையில்தான் தோற்றார்கள். அது தேறி வருகிற வகுப்பின் அடையாளம். ஆனால் கடைசி மூன்று ஆட்டமும் தோல்வி என்பதையும் மறைக்கக் கூடாது. சீசனுக்குப் பிந்தைய பவுல் ஆட்டத்துக்கு 6 வெற்றி வேண்டும். இருக்கிற பையன்களைத் தக்கவைத்துக்கொண்டால் இந்த வருடம் அதை எட்டுவார்கள் என்பது என் கணிப்பு. பட்டம் எல்லாம் இப்போதைக்கு இல்லை.

2026 ஆகஸ்ட் 29 அன்று அயர்லாந்தின் டப்ளினில் மறுபடியும் அதே டி.சி.யு.வுடன்தான் முதல் ஆட்டம். ஸ்கோரை விடுங்கள். முதல் அடி விழுந்த பிறகு பையன்கள் எழுந்து நிற்கிறார்களா என்று பாருங்கள். போன வருடம் நிற்கவில்லை. இந்த வருடமும் நிற்காவிட்டால் என் மருமகன் சொல்வதை ஒப்புக்கொள்வேன். அப்போதும் காரணம் வயது இல்லை. பெரிய வாத்தியார் தான் கற்றுக்கொள்ள மறுத்தார் என்பதுதான்.

உங்களில் ஆசிரியர் ஆனவர்கள், முதல் வருட வகுப்பை நினைத்துப் பார்த்துவிட்டுப் பதில் எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்