எய்தவன் இருக்க அம்பை நோவதா?

கொல்கத்தா நகருக்குள் பகல் நேரத்தில் கனரக லாரிகளுக்கு அனுமதி இல்லை. ஆனால் புர்ராபஜாரின் மொத்த வணிகமோ பகலில்தான் நடக்கிறது. துணியும் மசாலாவும் மருந்தும் இரும்புச் சாமானும் கடை வாசலுக்கு உரிய நேரத்தில் வந்தாக வேண்டும். இந்த முரண்பாட்டைத் தீர்த்து வைப்பது சிறு சரக்கு வேன்தான். தமிழ்நாட்டில் அதற்குக் 'குட்டியானை' என்று பெயர். வங்கத்திலும் அது 'சோட்டா ஹாத்தி'தான். பெயர் மட்டுமல்ல, அதை ஓட்டுபவரின் நிலையும் இரு மாநிலங்களிலும் ஒன்றே.

கொல்கத்தாவின் பரப்பில் சாலைகளின் பங்கு சுமார் 6 சதவீதம் மட்டுமே. தில்லியில் அது 20 சதவீதத்துக்கும் மேல். இந்தக் குறுகிய இடத்துக்குள்தான் பேருந்து, கார், ஆட்டோ, கைவண்டி, நடந்து செல்லும் மக்கள் அனைவரும் அடங்க வேண்டும். நெரிசல் ஏற்பட்டாலும் விபத்து நேர்ந்தாலும் குற்றவாளி யார் என்பது விசாரணைக்கு முன்பே முடிவாகிவிடுகிறது: ஓட்டுநர். 2016இல் திரிணாமூல் அரசு 'சேஃப் டிரைவ், சேவ் லைஃப்' என்ற முழக்கத்தைத் தொடங்கியது. அதன் அறிவுரை, ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவரை நோக்கியது. அவரை ஒரே நாளில் இத்தனை நடை அடித்தே தீர வேண்டும் என்று விரட்டும் முதலாளியை நோக்கி அரசிடம் முழக்கம் எதுவும் இல்லை.

மோடி அரசு இன்னும் ஒரு படி மேலே சென்றது. கவனக்குறைவால் மரணம் விளைவித்தால் பழைய தண்டனைச் சட்டத்தின் 304ஏ பிரிவில் அதிகபட்சம் 2 ஆண்டுச் சிறை. பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆவது பிரிவு அதை 5 ஆண்டாக்கியது. விபத்துக்குப் பின் காவல்துறைக்கோ நீதிபதிக்கோ தெரிவிக்காமல் ஓட்டுநர் சென்றுவிட்டால் 10 ஆண்டு என்றது. 2024 ஜனவரியில் பல மாநிலங்களில் ஓட்டுநர்கள் வண்டிகளை நிறுத்தினார்கள். பெட்ரோல் நிலையங்கள் வறண்டன. 10 ஆண்டுப் பிரிவை நடைமுறைப்படுத்துவது நிறுத்தி வைக்கப்பட்டது. நிறுத்தி வைக்கப்பட்டதே தவிர, நீக்கப்படவில்லை.

"அடிபட்டவரைத் தெருவில் விட்டு ஓடுபவனைத் தண்டிக்க வேண்டாமா?" என்று கேட்கப்படுகிறது. இக்கேள்வி கட்சி அணிகளுக்குள்ளும் எழுகிறது, நியாயமான கேள்விதான். சாலையில் மடிபவர்களில் பெரும் பகுதியினர் நடந்து செல்பவர்கள், சைக்கிளிலும் இருசக்கர வாகனத்திலும் செல்பவர்கள். அவர்களும் உழைப்பாளிகளே. அவர்களின் உயிரை மலிவாகக் கருதும் எந்த வாதமும் இடதுசாரி வாதம் ஆகாது. ஆனால், ஓட்டுநர் ஏன் ஓடுகிறார் என்பதையும் கேட்டாக வேண்டும். நின்றால் கூட்டம் அடித்தே கொன்றுவிடும் என்ற அச்சம் ஒருபுறம். வழக்கு வந்தால் முதலாளி கைகழுவிவிடுவார் என்ற அனுபவம் மறுபுறம். சிறைக் காலத்தை ஐந்து மடங்காக்குவது இந்த அச்சத்தைக் குறைக்குமா, கூட்டுமா? விபத்துக்கு முந்தைய இரவு அவர் எத்தனை மணி நேரம் உறங்கினார் என்பதை அந்தப் பிரிவின் ஒரு சொல்லாவது விசாரிக்கிறதா?

இந்த வழக்கு புதிதல்ல. 'மூலதனம்' முதல் தொகுதியில் வேலைநாள் பற்றிய அத்தியாயத்தில், லண்டனில் விசாரணைக்கு நிறுத்தப்பட்ட மூன்று ரயில்வே தொழிலாளர்களை மார்க்ஸ் காட்டுகிறார்: ஒரு கார்டு, ஒரு எஞ்சின் ஓட்டுநர், ஒரு சிக்னல்காரர். ஒரு காலத்தில் 8 மணி நேரமாக இருந்த வேலை 14, 18, 20 மணி நேரமாக நீட்டப்பட்டது. உடல் ஒரு கட்டத்தில் இயங்க மறுத்தது. ரயில் விபத்தில் மக்கள் மாண்டனர். கனவான்களான ஜூரிகள் தொழிலாளர்களைக் குற்றக் கூண்டுக்கு அனுப்பினார்கள். கம்பெனிகளுக்கோ இனிமேல் ஆள் பற்றாக்குறை இல்லாமல் பார்த்துக்கொள்ளுமாறு பணிவான வேண்டுகோள் மட்டும் விடுத்தார்கள். 106ஆவது பிரிவை எழுதியவர்கள் அந்த ஜூரிகளின் வாரிசுகள்.

இந்தியாவிலும் வேலை நேரத்துக்கு வரம்பு இல்லாமல் இல்லை. 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளொன்றுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று வரையறுத்தது. ஆனால் அது 5 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்கள் உள்ள நிறுவனங்களுக்கே பொருந்தியது. ஒன்றிரண்டு வேன்கள் வைத்திருப்பவரிடம் வேலை செய்யும் ஓட்டுநர் அன்றே வெளியில் நின்றார். அந்த எண்ணிக்கையைக் குறைத்து அவரை உள்ளே அழைப்பதே சீர்திருத்தமாக இருந்திருக்கும். 2025 நவம்பர் 21 அன்று அமலுக்கு வந்த பணிப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டமோ 5 என்பதை 10 ஆக உயர்த்தியது. உள்ளே இருந்தவர்களில் ஒரு பகுதியினரும் வெளியே தள்ளப்பட்டார்கள். தண்டனையைக் கூட்டிய அதே கை, பாதுகாப்பைக் குறைத்தது. இது தற்செயல் அல்ல; இது வர்க்க அரசியல்.

கொல்கத்தாவுக்கு இந்த அரசியல் பழக்கமானது. 1930இல் ஆங்கிலேய நிர்வாகம், விலங்குகள் மீதான கருணை என்ற பெயரில், கோடைக்கால நண்பகலில் எருமை வண்டிகள் ஓடுவதைத் தடுத்தது. எருமைக்குக் கிடைத்த கருணை வண்டிக்காரரின் இழந்த கூலிக்குக் கிடைக்கவில்லை. ஏப்ரல் 1 அன்று, கம்யூனிஸ்ட் தலைவர் அப்துல் மோமின் முதலியோர் திரட்டிய வண்டிக்காரர்கள், வண்டிகளையே தெருக்களின் குறுக்கே நிறுத்தி அரண் அமைத்தார்கள். போலீஸ் துப்பாக்கியால் பதில் சொன்னது. 2013இல் நகரப் போலீஸ் 174 சாலைகளில் சைக்கிள், கைவண்டி உள்ளிட்ட மோட்டார் இல்லாத வண்டிகளைத் தடை செய்தது. வங்க மொழியில் 'வேன்' என்றாலே மிதித்து ஓட்டும் மூன்று சக்கரப் பலகை வண்டிதான் பலருக்கு நினைவுக்கு வரும். அந்த வேன்காரரும் அத்தடையில் அடங்கினார். மிதிப்பவருக்குத் தடை, ஓட்டுபவருக்கு அபராதம். கார்களுக்கு மட்டும் வழி.

ஆகவே கோரிக்கைகள் தெளிவானவை. 106(2) பிரிவு முற்றாக நீக்கப்பட வேண்டும். ஒரே ஒரு வேன் வைத்திருக்கும் உரிமையாளரிடமும், செயலி நிறுவனங்களிடமும் வேலை செய்வோருக்கும் 8 மணி நேர வரம்பு பொருந்த வேண்டும். ஒவ்வொரு மரண விபத்திலும் ஓட்டுநரின் வேலை நேரம் விசாரிக்கப்பட்டு, வரம்பை மீறி வேலை வாங்கியவர் முதல் குற்றவாளியாக்கப்பட வேண்டும். அடிபட்டவருக்கு உடனடிச் சிகிச்சையும், இறந்தவரின் குடும்பத்துக்குத் தாமதமற்ற இழப்பீடும் உறுதி செய்யப்பட வேண்டும். சந்தைகளில் சரக்கு இறக்க இடமும், ஓட்டுநர் கண்ணயர ஒரு கூரையும் வேண்டும்.

இவை புர்ராபஜாருக்கு மட்டுமல்ல, கோயம்பேட்டுக்கும் உரியவை. வேன் ஓட்டுநரையும் அதன் சக்கரத்தில் அடிபடும் சைக்கிள்காரரையும் எதிரெதிரே நிறுத்துவது ஆளும் வர்க்கத்தின் வேலை. இருவரையும் ஒரே கொடியின் கீழ் நிறுத்துவது கட்சியின் வேலை.