சாம்பலைப் பிரிக்கும்போது வரும் கழிவுநீர் எங்கே போகும்?

மாண்புமிகு ஒன்றிய நிலக்கரித் துறை அமைச்சர் அவர்களுக்கு,

ஒடிசாவின் தால்சேரில் வெட்டும் கரி, பாரதீப்பில் கப்பலேறி எண்ணூருக்கு வருகிறது. அதில் சாம்பல் சுமார் 40 சதவீதம். 50,000 டன் கரி வந்தால் 20,000 டன் எரியாமல் மிஞ்சும். அதற்கும் சேர்த்துத்தான் கப்பல் கூலி. எரித்த பிறகு அது கொசஸ்தலை ஆற்றங்கரைச் சாம்பல் குளங்களில் சேருகிறது.

கரியை வேதிப்பொருளால் சுத்தம் செய்யும் ஆய்வுகளை நான் வரவேற்கிறேன். நம் கரியில் களிமண் மாவுபோல இழைந்து கிடக்கிறது. தண்ணீரில் கழுவினால் தனிக் கற்கள் போகும், அந்த மாவு போகாது. கரியைப் பொடித்து, காஸ்டிக் சோடாக் கரைசலில் சூடாக்கினால் சிலிக்காவும் அலுமினாவும் கரையும். பிறகு அமிலத்தில் ஊறவைத்தால் மிச்சமும் பெருமளவு வெளியேறும். ஆனால் அதன்பின் நன்றாக அலச வேண்டும். அலசாமல் விட்டால் கரியில் தங்கும் சோடியம், சாம்பலை எளிதில் உருகவைத்து பாய்லர் குழாய்களில் அப்பச் செய்யும்.

காரமும் அமிலமும் உலோகத் துணுக்குகளும் கலந்த அந்த அலசல் நீரை எங்கே விடுவீர்கள்? ஆற்றைச் சாம்பலிலிருந்து காப்பாற்றி, காஸ்டிக்கை ஆற்றில் விட்டால் அது சுத்திகரிப்பே அல்ல. கரியின் எரியும் பகுதியையே கரைத்தெடுக்கும் என்-மெத்தில் பைரோலிடோன் போன்ற கரைப்பான்களும் உண்டு. அதன் கொதிநிலை 202 டிகிரி. ஆவியாக்கி மீட்கவே நிறைய வெப்பம் செலவாகும். கருவிலிருக்கும் குழந்தையைப் பாதிக்கக்கூடியது என்று ஐரோப்பிய ஒன்றியம் அதை வகைப்படுத்தியிருக்கிறது. அதைக் கையாளப்போகும் தொழிலாளிகளை நினைத்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது.

ஆகவே, சோதனை ஆலை எதற்கு அனுமதி தந்தாலும் சுரங்க வாயிலிலேயே அமையுங்கள். ஒரு டன் கரிக்கு எவ்வளவு காரம், அமிலம், தண்ணீர், வெப்பம் செலவானது, எவ்வளவு மீண்டது என்ற கணக்கை மாதந்தோறும் வெளியிடுங்கள். குறைந்த சாம்பல் சதவீதத்தை மட்டும் காட்டும் அறிக்கையை ஏற்காதீர்கள்.

வேதிச் சுத்திகரிப்பு முறை ஆலை அளவுக்கு வளர ஆண்டுகள் ஆகலாம். அதற்குள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. சுரங்கத்திலிருந்து 500 கி.மீ.க்கு அப்பாலுள்ள அனல் நிலையங்களுக்கு 34 சதவீதத்துக்கு மேல் சாம்பலுள்ள கரி போகக்கூடாது என்று 2014இல் விதி வந்தது. 2020 மே மாதம் அது விலக்கிக்கொள்ளப்பட்டது. சாதாரணமாகக் கழுவியே எட்டக்கூடிய அந்த வரம்பை மீண்டும் கொண்டுவரும்படி சுற்றுச்சூழல் அமைச்சகத்துக்கு நீங்களே எழுதுங்கள்.

இப்படிக்கு,
வடசென்னைவாசி ஒருவர்