கம்பெனி தரும் குடிநீர், சோலார், வை-ஃபை: சாவி யார் கையில்?

கொஞ்சம் நீளமான பதிவு. காபியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பொறுமையாகப் படியுங்கள்.

நம் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் நடந்த வாக்குவாதத்தைப் பலர் பார்த்திருப்பீர்கள். ஒரகடத்தில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர், "எங்க கம்பெனி சி.எஸ்.ஆர். பணத்துல காஞ்சிபுரம் பக்கம் ரெண்டு கிராமத்துக்கு ஆர்.ஓ. பிளாண்ட், சோலார் லைட், இலவச வை-ஃபை போடப் போறாங்க, எந்த ஊர்னு சொல்லுங்க சார்" என்று கேட்டிருந்தார். உடனே இன்னொருவர், "ஏரியையும் நிலத்தையும் எடுத்துக்கிட்டு இப்ப தண்ணீர்ப் பந்தல் வைக்கிறாங்களா?" என்று பாய்ந்தார். இருவருக்கும் சமூக அறிவியல் நடத்தியது நான்தான் என்பதால் தீர்ப்பு சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. குழுவில் நாலு வரியில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை.

வாங்கிக்கொள்ள வேண்டும் என்பதே என் கட்சி. இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை, ஏனென்றால் இது தர்மம் அல்ல, சட்டம். 2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆவது பிரிவு, 2014 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. 500 கோடி நிகர மதிப்போ, 1000 கோடி விற்றுமுதலோ, 5 கோடி நிகர லாபமோ உள்ள கம்பெனி, முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். தான் இயங்கும் பகுதிக்கும் அதைச் சுற்றியுள்ள பகுதிக்கும் முன்னுரிமை தர வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் எல்லாம் நம் மாவட்டத்தில்தானே இருக்கின்றன? அப்படியானால் அந்த முன்னுரிமை நமக்கும் உண்டு. பல்லக்குத் தூக்கி, சால்வை போர்த்தி வாங்க வேண்டியதில்லை.

ஏரி பற்றிக் கோபப்பட்ட தம்பிக்கும் ஒரு வார்த்தை. கோபம் நியாயமானதுதான். ஆனால் அதை எங்கே காட்டுவது என்று தெரிந்து காட்ட வேண்டும். கோயம்பேட்டில் சென்னையின் கழிவுநீரைச் சுத்திகரித்து, நாளொன்றுக்கு நாலரைக் கோடி லிட்டர் வரை தொழிற்சாலைகளுக்குத் தரும் நிலையம் 2019-இல் வந்தது. அங்கிருந்து குழாய் நம் பக்கத்து சிப்காட் பூங்காக்களுக்கு வருகிறது. ஒரு தொழிற்சாலை ஏரித் தண்ணீரையும் நிலத்தடி நீரையும் விட்டுவிட்டு இந்தத் தண்ணீருக்கு மாறினால், அது நூறு ஆர்.ஓ. பிளாண்டுக்குச் சமம் என்பேன். அதற்கு ரிப்பன் வெட்ட முடியாது, ஃப்ளெக்ஸ் பேனர் வைக்க முடியாது, அதனால் யாரும் பேசுவதில்லை.

இனி என் கவலைக்கு வருகிறேன். வாலாஜாபாத் தாண்டி எங்கள் உறவினர் இருக்கும் ஒரு கிராமத்தில், சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பெரிய கம்பெனி ஆர்.ஓ. பிளாண்ட் வைத்துக் கொடுத்தது. பெயர் வேண்டாம். பள்ளிக்கூடச் சுவரை ஒட்டி நீல வர்ணம் அடித்த அழகான அறை. ஐந்து ரூபாய் நாணயம் போட்டால் ஒரு கேன் தண்ணீர். முதல் இரண்டு வருடம் நன்றாக ஓடியது. என் அண்ணியார் வாயாரப் புகழ்ந்தார். பிறகு மெம்பிரேன் போனது. மாற்றப் பணம் இல்லை. கம்பெனியைக் கேட்டால், பராமரிப்பு தொண்டு நிறுவனத்திடம் இருக்கிறது என்றார்கள். தொண்டு நிறுவனத்தைக் கேட்டால், ஒப்பந்தம் முடிந்துவிட்டது என்றார்கள். ஊராட்சியைக் கேட்டால், அது எங்கள் சொத்துப் பதிவேட்டிலேயே இல்லை என்றார்கள். மின் இணைப்பு யார் பெயரில் இருக்கிறது என்று தேடவே ஒரு மாதம் ஆயிற்று. இப்போது கதவில் பூட்டு. சாவி எங்கே என்று யாருக்கும் தெரியாது. ஜனங்கள் பழையபடி காசு கொடுத்துக் கேன் தண்ணீர் வாங்குகிறார்கள். அந்த ஐந்து ரூபாய் நாணயங்கள் எல்லாம் எங்கே போயின என்பதும் ஊருக்குத் தெரியாது.

அங்கே யாரும் திருடவில்லை என்றே நினைக்கிறேன். இது விதியின் அமைப்பிலேயே இருக்கும் ஓட்டை. சி.எஸ்.ஆர். விதிப்படி ஒரு தொடர் திட்டம் என்றாலும், தொடங்கிய ஆண்டு நீங்கலாக மூன்று ஆண்டுகளுக்கு மேல் போகக் கூடாது. மெம்பிரேனும் சோலார் விளக்கின் பேட்டரியும் மண்டையைப் போடுவது பெரும்பாலும் அந்த மூன்றாவது, நாலாவது வருடத்தில்தான். கம்பெனியின் கணக்குப் புத்தகத்தில் திட்டம் வெற்றிகரமாக முடிந்துவிடுகிறது. ஊரின் செலவு அன்றுதான் ஆரம்பமாகிறது.

பலருக்குத் தெரியாத ஒரு விதி இருக்கிறது. 2021 ஜனவரியில் சி.எஸ்.ஆர். விதிகளைத் திருத்தியபோது, இந்தப் பணத்தில் உருவாகும் நிரந்தரச் சொத்து மூன்று வகையினரில் ஒருவரிடம்தான் இருக்க வேண்டும் என்று எழுதிவிட்டார்கள். ஒன்று, பதிவுபெற்ற தொண்டு அமைப்பு. இரண்டு, பயன்பெறும் மக்களே சுய உதவிக் குழுவாகவோ கூட்டமைப்பாகவோ சேர்ந்து வைத்துக்கொள்வது. மூன்று, பொது அதிகார அமைப்பு, அதாவது ஊராட்சி போன்றது. வெளியூர்த் தொண்டு அமைப்பிடம் விட்டுவிட்டால் கம்பெனிக்கு அலைச்சல் இல்லை, பேசுவதற்கு ஒரே ஆள். ஆனால் நாம் கேட்க வேண்டியது இரண்டாவதும் மூன்றாவதும்.

சொத்து ஊரிடம் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு மேட்டுப்பாளையம் பக்கத்தில் ஓடந்துறை ஊராட்சி இருக்கிறது. 2006-இல் அந்த ஊராட்சி 1.55 கோடி ரூபாயில் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை வாங்கியது. ஊராட்சியின் சேமிப்புப் பணம் கொஞ்சம், மீதி வங்கிக் கடன். அப்போது தலைவராக இருந்தவர் திரு. ஆர். சண்முகம். காற்றாலையை ஓடந்துறையில் நடவில்லை, காற்று நன்றாக வீசும் உடுமலைப்பேட்டை பக்கம் நட்டார்கள். அது தரும் மின்சாரத்தை ஊராட்சியின் தேவைக்குக் கழித்துக்கொண்டு மீதியை மின்வாரியத்துக்கு விற்று, அந்த வருமானத்திலேயே கடனையும் அடைத்தார்கள். யாரும் வந்து கொடுத்த காற்றாலை இல்லை என்பதால், ஒரு போல்ட் கழன்றாலும் அது ஊரின் கவலையாயிற்று.

இணையத்திலும் இதே கதைதான். 2015-இல் ஃபேஸ்புக் கம்பெனி, ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸோடு சேர்ந்து ஏழைகளுக்கு இலவச இணையம் என்று ஆரம்பித்தது. முதலில் வந்த மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. பிறகு அதற்கு ஃப்ரீ பேசிக்ஸ் என்று பெயர் மாறியது. இலவசம்தான். ஆனால் அவர்கள் கட்டம் போட்டுக் கொடுத்த சில தளங்கள் மட்டும்தான் இலவசம். நூலகம் இலவசம் என்று அழைத்துப்போய் ஒரே ஒரு அலமாரியைத் திறந்துவிடுவது போல. 2016 பிப்ரவரி 8-ஆம் தேதி டிராய், தளத்துக்கு ஒரு கட்டணம் என்று பேதம் பார்ப்பதைத் தடை செய்தது. நான் அதை வரவேற்றேன், இன்றும் வரவேற்கிறேன். (அதே கம்பெனியின் மேடையில்தான் இதை எழுதுகிறேன் என்று சிரிக்காதீர்கள்.)

அதே 2016 ஜனவரியில் கூகுள், ரயில்டெல் நிறுவனத்தோடு சேர்ந்து மும்பை சென்ட்ரலில் இலவச வை-ஃபை தொடங்கியது. 2018-க்குள் 400 நிலையங்கள். 2020-இல் கூகுள், டேட்டா மலிவாகிவிட்டது, இனி இது தேவையில்லை என்று விலகிக்கொள்வதாக அறிவித்தது. ஆனால் வை-ஃபை நிற்கவில்லை. காரணம், கண்ணாடி இழை வடம் பொதுத்துறையான ரயில்டெல்லுடையது. விருந்தாளி போய்விட்டார், வீடு நம்முடையதாக இருந்தது.

கம்பெனிகள் போகும், அதில் தப்பு சொல்ல முடியாது. நோக்கியா 2006-இல் ஸ்ரீபெரும்புதூருக்கு வந்தபோது நம் பிள்ளைகள் எத்தனை பேர் சீருடை மாட்டிக்கொண்டு கம்பெனி பஸ் ஏறினார்கள்! 2014 நவம்பரில் உற்பத்தி நின்றுவிட்டது. மறைமலைநகர் ஃபோர்டு, 2021-இல் அறிவித்து மறு வருடம் கார் தயாரிப்பை நிறுத்தியது. வேலை கொடுப்பதையே தொடர முடியாதவர்கள், தண்ணீர் மெஷினுக்கு ஃபில்டர் மாற்ற எத்தனை வருடம் வருவார்கள்?

உத்திரமேரூர் கல்வெட்டை நடத்தியபோது குடவோலையை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டு மீதியை மறந்திருப்பீர்கள். பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் வெட்டியது. ஏரி வாரியம் என்று ஆறு பேர் கொண்ட ஒரு குழு, பதவி 360 நாள். அதில் எனக்கு மிகவும் பிடித்த விதி: வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மறுபடி வர முடியாது, அவருடைய உறவினர்களும் வர முடியாது. பெரியம்மா, சித்தி, அத்தை பிள்ளைகள் வரை பட்டியல் போட்டுத் தடுத்திருக்கிறார்கள். (இதைப் படிக்கும் உறவினர்கள் கவனிக்கவும்!) அந்தச் சபையில் நிலமும் வேதப் படிப்பும் உள்ள ஆண்களுக்கு மட்டும்தான் இடம் என்பதையும் மறைக்காமல் சொல்லித்தான் நடத்தினேன். இன்றைய கிராம சபையில் வாக்காளர் எல்லோருக்கும் இடம் உண்டு. 2022-லிருந்து தமிழ்நாட்டில் வருடத்துக்கு ஆறு முறை கூடுகிறது. மார்ச் 22, உலகத் தண்ணீர் தினம், அதில் ஒரு நாள். ஆர்.ஓ. பிளாண்டின் வரவு செலவை வாசிக்க இதைவிடப் பொருத்தமான நாள் எது?

"சார், ஊராட்சி மட்டும் ஒழுங்கா? அங்கேயும் சாப்பிட்டுருவாங்க" என்று நீங்கள் சொல்லப்போவது எனக்குக் கேட்கிறது. நானும் ஊரில்தான் இருக்கிறேன். ஆனால் ஊராட்சித் தலைவர் தப்பு செய்தால், டீக்கடையில் நிறுத்திக் கேட்கலாம், கிராம சபையில் எழுந்து கேட்கலாம், அடுத்த தேர்தலில் தோற்கடிக்கலாம். எங்கோ வெளிமாநிலத்தில் ஆபீஸ் வைத்திருக்கும் ஒப்பந்தக்காரரை என் அண்ணியார் எங்கே போய்க் கேட்பார்? ஊராட்சியை நம்ப முடியவில்லை என்றால் மகளிர் சுய உதவிக் குழுவிடம் கொடுங்கள். மாதச் சீட்டுக் கணக்கை ஒரு ரூபாய் பிசகாமல் எழுதும் பெண்களுக்கு, கேன் கணக்கு எழுதத் தெரியாதா?

நம் நெசவாளர் தெருக்களுக்கு என்ன தேவை என்றும் கேட்டுவிட்டுத் தர வேண்டும். பிள்ளையார்பாளையத்தில் மழைக்காலத்தில் குழித்தறியில் ஈரம் ஏறி, பாவு நமத்து, வேலை நின்றுவிடும். கைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் மின்சாரத்தை அரசே இலவசமாகத் தருகிறது, அதனால் கரண்ட் பில்லுக்காக அவர்கள் சோலார் கேட்க மாட்டார்கள். கரண்ட் போனால் கோர்வை போடும் நேரத்தில் வெளிச்சம் வேண்டும் என்பார்கள். சாயம் போடுகிறவரைக் கேட்டால், பட்டுக்கு நல்ல தண்ணீர் வேண்டும், சாயக் கழிவு போக வழி வேண்டும் என்பார். தெருமுனையில் வை-ஃபை கம்பம் நட்டால் அவர் வீட்டுப் பிள்ளைகள் ரீல்ஸ் பார்ப்பார்கள், அவ்வளவுதான். அதே இணைப்பை சங்கத்திலோ நூலகத்திலோ நாலு கணினியோடு கொடுத்தால், டிசைனும் பார்க்கலாம், சேலைக்குக் கடையில் என்ன விலை போகிறது என்றும் பார்க்கலாம். 2020-இல் பள்ளி மூடியபோது, ஒரே போனை மூன்று பிள்ளைகள் பங்கு போட்ட நெசவாளர் வீடுகளுக்கு நான் போன் போட்டுப் பாடம் சொன்னேன். இணையம் தேவையில்லை என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன்.

ஆகவே ஒரகடம் தம்பிக்கு என் பதில்: ஊர்ப் பெயரை நான் சொல்ல மாட்டேன். எந்த ஊரின் கிராம சபை, சொத்து ஊராட்சி பெயரில், மீட்டர் ஊராட்சி பெயரில், கேன் காசு தனி வங்கிக் கணக்கில், வருடா வருடம் கணக்கு சபையில் என்று தீர்மானம் போட்டுத் தருகிறதோ, அந்த ஊருக்குக் கொடுக்கச் சொல்லுங்கள். மூன்று வருடப் பராமரிப்புப் பணத்தோடு, நாலாவது வருட மெம்பிரேனுக்கான தொகையையும் இப்போதே திட்டச் செலவில் சேர்க்க முடியுமா என்று உங்கள் கமிட்டியில் கேளுங்கள். ஒரு டேங்க் ஆபரேட்டருக்கும் இரண்டு பெண்களுக்கும் பழுது பார்க்கச் சொல்லிக்கொடுப்பதையும் சேருங்கள். கம்பெனிகள் தாங்கள் ஏற்றுக்கொண்ட சி.எஸ்.ஆர். திட்டங்களைத் தங்கள் இணையதளத்தில் வெளியிட வேண்டும் என்பதும் விதி. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் உட்கார்ந்த இடத்திலேயே அதைத் தேடி எடுத்து, ஊரில் இருக்கும் சிநேகிதனுக்கு அனுப்பலாமே.

உங்கள் ஊரிலோ மாமியார் ஊரிலோ பூட்டிக் கிடக்கும் பிளாண்டோ, எரியாத சோலார் கம்பமோ இருந்தால் போட்டோ எடுத்து கமெண்டில் போடுங்கள். திறப்பு விழா நடந்த வருடத்தையும் மின் இணைப்பு யார் பெயரில் இருக்கிறது என்பதையும் விசாரித்து எழுதுங்கள். நன்றாக ஓடிக்கொண்டிருப்பது இருந்தால் அதையும் போடுங்கள், அதை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசை.