பழைய லேண்ட்மாஸ்டரைக் கழற்றுகிற பிள்ளையைத் திட்டாதீர்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. சிலருக்குக் கோபம் வரும், வரட்டும்.

போன கிழமை பெற்றோர் கூட்டம் முடிந்த பிறகு ஒரு தகப்பன் என்னிடம் முறைப்பாடு சொன்னார். மகன் தரம் 10. மூத்தவாப்பா விட்டுப்போன லேண்ட்மாஸ்டர் ஒன்று வீட்டுக்குப் பின்னால் தகரத்துக்குக் கீழே கிடக்கிறது. பையன் அஸர் தொழுதுவிட்டு வந்தால் மஃரிபு வரைக்கும் அதோடுதான். "சேர், இதைப் பழைய இரும்புக்குப் போட்டாத்தான் இவன் படிப்பான்" என்றார். பக்கத்தில் நின்ற இரண்டு பேர் தலையாட்டினார்கள்.

அவரிடம் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன். அந்தப் பையன் இப்போதே படித்துக்கொண்டுதான் இருக்கிறான்.

எப்படி என்று கேட்பவர்களுக்கு: டீசல் முடிந்து இயந்திரம் நின்றால், திரும்ப டீசல் ஊற்றினாலும் அது ஸ்டார்ட் ஆகாது. குழாய்க்குள் காற்று புகுந்திருக்கும். பம்பில் இருக்கிற நட்டைக் கொஞ்சம் தளர்த்தி, குமிழி நிற்கும் வரைக்கும் டீசலை வெளியே விட வேண்டும். ஏன்? காற்று அமுங்கும், டீசல் அமுங்காது. காற்று நிறைந்த குழாயை பம்பு எவ்வளவு தள்ளினாலும் நொசிலைத் திறக்கிற அழுத்தம் வராது. இதை நான் கரும்பலகையில் படம் போட்டு மூன்று பாடவேளை விளக்கினேன். பரீட்சையில் பாதிப்பேர் பிழையாக எழுதினார்கள். அந்தப் பையனுக்கு ஒரே பின்னேரத்தில், கையெல்லாம் டீசலோடு, விளங்கிவிட்டது.

ஹெண்டலைச் சுற்றும்போது டிகம்ப்ரெஷன் லீவரைப் பிடித்துக்கொண்டு, பறக்கும் சில்லுக்கு வேகம் வந்ததும் விடுகிறோமே, அது சக்தியைச் சேமிக்கிற பாடம். ஸ்பார்க் பிளக் இல்லாமல் டீசல் எப்படிப் பற்றுகிறது என்பது வெப்பப் பாடம். புகை கறுப்பு என்றால் டீசல் முழுதாக எரியவில்லை, நீலம் என்றால் என்ஜின் ஒயில் எரிகிறது, ரிங்கைப் பார். இப்படி அறிகுறியை வைத்து நோயைத் தேடுகிறவனை ஆஸ்பத்திரியில் டொக்டர் என்கிறோம். கராஜில் இருந்தால் "படிப்பு ஏறாதவன்" என்கிறோம்.

லேண்ட்மாஸ்டர் என்ற பெயரே எங்கிருந்து வந்தது தெரியுமா? ரே விஜேவர்தன என்ற இலங்கையர், கேம்பிரிட்ஜில் பொறியியல் படித்தவர், 1955 அளவில் வடிவமைத்த இரு சில்லு ட்ரெக்டரை இங்கிலாந்தின் நொட்டிங்ஹாமில் இருந்த லேண்ட்மாஸ்டர் கம்பனி செய்து உலகத்துக்கு விற்றது. அதன் பிறகு குபோட்டா வந்தாலும் வேறெது வந்தாலும் எங்கள் ஆட்களுக்கு எல்லாமே லேண்ட்மாஸ்டர்தான். அந்த மனிதர் விமானமும் தானே செய்து தானே ஓட்டினார். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் பாய்க்கப்பலும் ஓட்டினார். பிறகு மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தின் வேந்தர். கையில் ஒயில் பட்டதால் அவருடைய படிப்பு குறைந்துவிட்டதா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பிற்காலத்தில் அவரே தன் இயந்திரத்தைக் கேள்வி கேட்டார். எருமைக்குப் பதிலாக எரிபொருள் குடிக்கிற ஒன்றைத்தானே கொடுத்தோம், மண்ணை இவ்வளவு கிளறத்தான் வேண்டுமா என்று யோசித்து, கிளிரிசீடியா நட்டு மண்ணைக் காக்கிற விவசாயத்தின் பக்கம் போனார். ஒன்றைச் செய்து, கழற்றி, உள்ளே தெரிந்தவனுக்குத்தான் அப்படிக் கேட்கிற தைரியம் வரும். பெட்டியோடு வாங்கி, பழுதானால் வீசுகிறவனுக்கு வராது.

இனி எங்கள் ஆட்களின் கதை. கட்டுகஸ்தோட்டையில் இருந்து அக்குறணை வரைக்கும் வியாபாரம் எங்கள் இரத்தத்தில் இருக்கிறது, மாஷா அல்லாஹ். ஆனால் ஸ்பெயார் பார்ட்ஸ் விற்கிறவர் "முதலாளி", அதே பார்ட்ஸைப் பூட்டுகிறவர் "வெறும் பாஸ்". இது எந்த நியாயம்? மாப்பிள்ளை பார்க்கும்போது கடை இருக்கிறதா என்று கேட்கிறோம், கையில் தொழில் இருக்கிறதா என்று கேட்பதில்லை. தாவூத் நபி (அலை) இரும்பில் கவசம் செய்தவர் என்று ஜும்ஆவில் கேட்டுவிட்டு, வெளியே வந்து கராஜ் பையனுக்கு சலாம் சொல்லக் கூச்சப்படுகிறோம். 2013இல் உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு வந்தது. எத்தனை பேர் விரும்பி பிள்ளையை அதில் சேர்த்தீர்கள்? பயோவும் மெத்ஸும் கிடைக்காவிட்டால் கொமர்ஸ், அதுவும் இல்லாவிட்டால்தான் "டெக்கிலயாவது போடுங்க சேர்."

2022ஐ மறந்துவிட்டீர்களா? டொலர் இல்லை, சாமான் வரவில்லை, ஜூன் கடைசியில் ஒட்டோ டீசல் லீட்டர் 460 ரூபாய், அதுவும் வரிசையில் நாள் கணக்கில் நின்றால்தான். அந்த நேரம் புதிய சாமானுக்குப் பணம் வைத்திருந்தவரும் சும்மா இருந்தார். லேத்தில் புஷ் கடைந்து, கேஸ்கட்டைத் தானே வெட்டிப் போடத் தெரிந்தவரைத் தேடித்தான் எல்லாரும் போனோம். இந்தப் பக்கத்து வயல்கள் தட்டுத் தட்டாக இறங்குகிறவை. நாலு சில்லு ட்ரெக்டர் திரும்பக்கூட இடம் கிடையாது. இந்தச் சின்ன இயந்திரம் ஓடினால்தான் உழவு. பழையவற்றில் கொம்பியூட்டர் இல்லை, சென்சர் இல்லை. நாலு ஸ்பானரும் பொறுமையும் இருந்தால் வீட்டு முற்றத்திலேயே முழுதாகத் திறந்து பூட்டலாம். அதைக் கிலோ கணக்கில் நிறுத்துக் கொடுக்க எப்படி மனம் வருகிறது?

ஆபத்து இல்லையா என்று கேட்கிறீர்கள். இருக்கிறது. ஹெண்டல் திருப்பி அடித்தால் கை முறியும். ஓடுகிற பெல்ட்டுக்குப் பக்கத்தில் நீளச் சட்டையோடு போகக் கூடாது, மூடிய அறைக்குள் ஓட விடவே கூடாது. அதனால்தான் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும் என்கிறேன். திட்டுவதற்கு அல்ல, டோர்ச் பிடிப்பதற்கு. தகப்பன்மாரே, ஃபோனை வைத்துவிட்டு ஒரு மணித்தியாலம் அந்த டோர்ச்சைப் பிடியுங்கள். ஃபோனில் நாலு மணித்தியாலம் கேம் விளையாடுகிற பிள்ளையைப் பற்றி என்னிடம் யாரும் முறைப்பாடு சொன்னதில்லை என்பதையும் சொல்லிவைக்கிறேன். அவன் உடுப்பில் கறை இல்லை அல்லவா!

அந்தத் தகப்பன் இரும்புக்காரரிடம் விலை பேசிவிட்டாராம். இந்த மாதம் முடிய வந்து ஏற்றுவார்கள். நோன்பு காலத்தில் இஃப்தாருக்கு அள்ளிக் கொடுக்கிற நானாமார் யாராவது அந்த இரும்பு விலையை அவருக்குக் கொடுத்து, இயந்திரத்தை அந்த முற்றத்திலேயே விட்டுவைப்பீர்களா? பையனுக்கு இப்போது தேவை ஒரு ஹெட் கேஸ்கட், இரண்டு வீ பெல்ட். உங்கள் கடையின் பின்பக்கத்தில் இருந்தால் இன்பொக்ஸில் சொல்லுங்கள். நானே வந்து எடுத்துக்கொள்கிறேன்.