பூநாரைக்கு நான்கெல்லை

வீட்டுக்கடன் ஃபைல் பார்க்கிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. மனையின் போட்டோ கைக்கு வந்ததும் முதலில் அக்கம்பக்கத்தைத்தான் தேடுவோம். வடக்கே ரோடு, தெற்கே இன்னார் வீடு என்று பத்திரத்தில் எழுதியிருக்கிற நான்கெல்லை படத்தில் தெரிகிறதா? வாசல் கதவை மட்டும் குளோசப்பில் எடுத்துக் கொடுத்தால் திருப்பி அனுப்பிவிடுவேன். அது எந்த ஊர்க் கதவாகவும் இருக்கலாமே!

இப்படி ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிற நான், பறவைப் படத்தில் மட்டும் பல வருஷமாக வாசல் கதவைத்தான் எடுத்துக்கொண்டிருந்தேன். அந்தச் சோகக் கதைதான் இது.

மும்பையில் குப்பை கொட்ட வந்த புதிதில் என்னைப் பிடித்துக்கொண்டது பூநாரை. மழைக்காலம் முடிந்து நவம்பர், டிசம்பர் வாக்கில் தானே க்ரீக் பக்கம் ஆயிரக்கணக்கில் வந்து இறங்கும். மே வரை இருக்கும். ஹார்பர் லைனில் சிவ்ரி ஸ்டேஷனில் இறங்கி, கிழக்கே ஜெட்டி வரை போனால் எதிரே சேற்றுவெளி. ஓதம் ஏற ஏற தண்ணீர் அவற்றைக் கரைப்பக்கம் தள்ளிக்கொண்டு வரும். ஓத அட்டவணை பார்க்காமல் போனால் தூரத்தில் ரோஸ் கலரில் ஒரு கோடு தெரியும், அவ்வளவுதான். பாங்க் லீவான இரண்டாம், நான்காம் சனிக்கிழமைகளில் ஓதம் எத்தனை மணிக்கு என்பது எனக்கு மனப்பாடம்.

சிவ்ரியில் ஒரு சங்கடம். பறவைக்குப் பின்னால் எப்போதும் ஏதாவது இருக்கும். டிராம்பே பக்கத்து எண்ணெய் டாங்குகள், புகைபோக்கி, துருப்பிடித்த படகு, பிறகு கடல் பாலம் கட்ட வந்த கிரேன்கள். 2024 ஜனவரியில் திறந்த அந்தப் பாலம் 21.8 கிலோமீட்டர் நீளம். அதை ஃபிரேமில் விழாமல் தவிர்ப்பதற்கே தனித்திறமை வேண்டும்.

அந்தத் திறமையை நான் வளர்த்துக்கொண்டேன். பறவைப் படத்துக்குச் சொல்லப்படும் பாடமெல்லாம் அத்துப்படி. கண் கூர்மையாக இருக்க வேண்டும். பறவையின் கண் மட்டத்துக்குக் குனிய வேண்டும். அது பார்க்கும் திசையில் இடம் விட வேண்டும். தண்ணீரில் நின்றால் பிரதிபலிப்பை அரைகுறையாக நறுக்கக் கூடாது. காலை முட்டியோடு வெட்டக் கூடாது (பூநாரைக்கு உடம்பே பாதி கால்தான்!). பின்புலம் வழவழவென்று மங்கியிருக்க வேண்டும். இதையெல்லாம் ஒரே கிளிக்கில் செய்ய முடியாதவர்களுக்கு இருக்கவே இருக்கிறது கிராப். வீட்டுக்கு வந்து, காபி டம்ளரோடு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, டாங்கை வெட்டு, கிரேனை வெட்டு, பக்கத்துப் பறவையின் வாலை வெட்டு. கடைசியில் ஒரே ஒரு பூநாரை, சுற்றிலும் வெள்ளித் தண்ணீர். அதைப் பார்த்து யாராவது "ஆப்பிரிக்காவா?" என்று கேட்டால் எனக்குத் தலைகால் புரியாது.

கிராப் செய்வதில் கணக்கு ஒன்று இருக்கிறது. என் கேமரா 24 மெகாபிக்சல், அதாவது 6000-க்கு 4000. அகலத்தில் பாதி, உயரத்தில் பாதி என்று வெட்டினால் மிச்சம் 6 மெகாபிக்சல்தான். பாதிதானே வெட்டினோம் என்று தோன்றும், ஆனால் முக்கால் பங்கு போயிருக்கும். மூன்றில் ஒரு பங்காக வெட்டினால் ஒன்பதில் ஒரு பங்குதான் கையில். அசலில் கை வைத்துக்கொண்டே வட்டியைத்தான் எடுத்தேன் என்று நினைப்பது மாதிரி. ஆனால் இந்த பிக்சல் நஷ்டம் பெரிய நஷ்டம் இல்லை என்று பிறகுதான் புரிந்தது.

நவி மும்பையில் எங்கள் குடியிருப்புக்குக் கொஞ்ச தூரத்தில் ஒரு நீர்நிலை உண்டு. க்ரீக்கில் ஓதம் ஏறும்போது பூநாரைகள் அங்கே வந்து ஓய்வெடுக்கும். சில வருஷங்களாக ஓதத் தண்ணீர் உள்ளே வரும் வழி அடைபட்டு, ஒரு ஓரம் காய்ந்து, மண் மேடாகிக்கொண்டு வந்தது. பக்கத்தில் இருப்பவர்கள் சிலர் சேர்ந்து மனு கொடுக்கக் கிளம்பினார்கள். "இந்த ஓரத்தில் தண்ணீரே இருந்ததில்லை" என்று எதிர்த்தரப்பு சொன்னதாம். வாட்ஸப்பில் எனக்குச் செய்தி வந்தது: "அண்ணா, நீங்கதான் வருஷக்கணக்கா எடுக்கறீங்களே, அந்தப் பக்கம் தண்ணியோட பறவை நிக்கற படம் ரெண்டு குடுங்க."

பெருமையாக ஹார்ட் டிஸ்க்கைத் திறந்தேன். அந்த இடத்தில் எடுத்தது மட்டும் நானூறுக்கு மேல். அத்தனையும் வாசல் கதவு. பூநாரை இறகு கோதுகிறது, பூநாரை தலைகீழாக அலகை விட்டுச் சேற்றைச் சலிக்கிறது, பூநாரை ஓடிப் பறக்கிறது. எந்தக் கரை, எந்த ஓரம், எதிரே எந்தக் கட்டடம்? ஒன்றிலும் இல்லை. தேதி இருந்தது. என் பழைய கேமராவில் ஜி.பி.எஸ். கிடையாது. வெட்டாத அசல் ஃபைல்களா? டிஸ்க் நிரம்புகிறது என்று நானே அழித்திருந்தேன். நாலு வருஷ சாட்சியம், என் கையாலேயே.

கடைசியில் உதவியது தங்கமணியின் போன். நான் முட்டிபோட்டுச் சேற்றில் கேமராவோடு தவம் கிடப்பதைக் கிண்டல் செய்ய எடுத்த படம். என் முதுகு, எனக்கு முன்னால் தண்ணீர், எறும்பு சைஸில் முப்பது நாற்பது பூநாரை, பின்னால் பாதி கட்டிய அடுக்குமாடி, ஒரு மின்கம்பம். போன் இடத்தையும் தேதியையும் சேர்த்தே குறித்து வைத்திருந்தது. மனுவோடு போனது அந்தப் படம்தான். மனு இன்னும் மேசை மேசையாக நகர்ந்துகொண்டிருக்கிறது. படம் அதில் இருக்கிறது என்பது மட்டும்தான் எனக்கு ஆறுதல்.

இதற்குப் பிறகுதான் போட்டி விதிகளைக் கவனித்துப் படித்தேன். அமெரிக்க புகைப்படச் சங்கமும் ஃபியாப்பும் இங்கிலாந்தின் ராயல் சங்கமும் பொதுவாக வைத்திருக்கிற 'இயற்கைப் படம்' வரையறைப்படி, படத்தில் இருக்கும் எதையும் மென்பொருளால் அழிக்கக் கூடாது. மின்கம்பியைத் தேய்த்து எடுத்தால் தள்ளுபடி. ஆனால் கிராப் செய்து எடுக்கலாம், அதற்கு விலக்கு உண்டு! தேய்த்தால் குற்றம், வெட்டினால் கலை. அதே வரையறை இன்னொன்றும் சொல்கிறது: மனிதன் மாற்றிய சூழலுக்குப் பழகிவிட்ட கூகை, நாரை போன்றவற்றின் கதையில் மனிதத் தடயம் ஒரு பகுதி என்றால் அது படத்தில் இருக்கலாம். மும்பைப் பூநாரையைவிட இதற்குப் பொருத்தமான பறவை எது? தானே க்ரீக் 2015-ல் பூநாரை சரணாலயம் ஆனது, 2022-ல் ராம்சார் தலம் ஆனது. இரண்டு பெருநகரங்களுக்கு நடுவே. 2024 மே மாதம் காட்கோபர் பக்கம் தரையிறங்க வந்த விமானத்தில் மோதி 39 பூநாரைகள் ஒரே இரவில் செத்து விழுந்தன. விமானமும் கட்டடமும் கம்பியும் அந்தப் பறவையின் வாழ்க்கைக்குள்தான் இருக்கின்றன. நம் படங்களில் மட்டும் அவை இல்லை. ஆப்பிரிக்கா மாதிரி இருக்கிறது.

கிராப்பே பாவம் என்று சொல்ல வரவில்லை. பறவையிடம் நெருங்கிப் போய் விரட்டுவதைவிட, தள்ளி நின்று எடுத்து வெட்டுவது ஆயிரம் மடங்கு மேல். கூட்டத்தைக் கிளப்பிப் பறக்கும் படம் எடுக்கப் படகை நடுவில் விடச் சொல்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் கையெடுத்துக் கும்பிட்டு, "தயவுசெய்து கிராப் பண்ணுங்க சார்" என்றுதான் சொல்வேன். கூடு இருக்கும் இடத்தில் அகலப் படம் கூடவே கூடாது. அது திருடனுக்கு முகவரி எழுதிக் கொடுப்பது.

மற்றபடி இப்போது எனக்கு நானே மூன்று விதி வைத்திருக்கிறேன். எந்த இடத்துக்குப் போனாலும் பெரிய லென்ஸை மாட்டும் முன் போனில் ஒரு அகலப் படம். வெட்டினாலும் அசல் ஃபைலை அழிப்பதில்லை. டிஸ்க் வாங்கினால் போச்சு. மூன்றாவது கொஞ்சம் கஷ்டம்: கிரேனும் டாங்கும் ஃபிரேமுக்குள் வந்தால், உடனே வெட்டக் கை நீளும்போது, அது அழகைக் கெடுக்கிறதா, என் பொய்யைக் கெடுக்கிறதா என்று ஒரு நிமிஷம் யோசிப்பது.

போன மாதம் பாலத்தின் தூண்களுக்கு நடுவே பூநாரைகள் மேயும் படம் ஒன்றை வெட்டாமல் எடுத்து வைத்தேன். தங்கமணி பார்த்துவிட்டு, "இதுல நம்ம ஊர் தெரியுது" என்றாள். பதினாறு வருஷத்தில் மும்பையை அவள் நம்ம ஊர் என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை :-)