கோலா லங்காட் வடக்கு காடு: அந்த 30 நாள் ஏன் முக்கியம்?

பிரிக்பீல்ட்ஸ் கேஎல் சென்ட்ரலில் ஏறி, விமான நிலையத்துக்குப் போகும் ரயிலில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து வெளியே பார்த்திருக்கீங்களா? புத்ராஜெயா தாண்டியதும் பச்சைப் பசேல்னு காடு மாதிரியே தெரியும். ஆனால் அதில் பெரும்பகுதி காடு இல்லை. வரிசையாக நட்ட செம்பனை.

உண்மையான காடு ஒன்று, சைபர்ஜெயாவுக்கு மேற்கே பந்திங் பக்கம் இன்னும் மிச்சம் இருக்கிறது. அதுதான் கோலா லங்காட் வடக்கு வனக் காப்பகம். சில ஆண்டுகளுக்கு முன் அதுவும் கிட்டத்தட்ட கைவிட்டுப் போயிருக்கும்.

என்ன நடந்தது?

1927-ல் இந்தக் காடு வனக் காப்பகமாக அறிவிக்கப்பட்டபோது அதன் பரப்பளவு சுமார் 7,200 ஹெக்டர். 2020-ல் மிஞ்சியிருந்தது 958 ஹெக்டர் மட்டுமே. அந்த ஆண்டு பிப்ரவரியில், அதிலும் சுமார் 931 ஹெக்டரைக் காப்பகத் தகுதியிலிருந்து நீக்கப் போவதாக சிலாங்கூர் அரசு அறிவித்தது. அதாவது 97 விழுக்காடு. வீடுகள், கடைகள் அடங்கிய கலப்பு மேம்பாட்டுத் திட்டம் அங்கே வரவிருந்தது.

ஆட்சேபம் தெரிவிக்க 30 நாள் அவகாசம் தரப்பட்டது. 45,000-க்கும் மேற்பட்ட ஆட்சேபங்கள் குவிந்தன. அதோடு விஷயம் அடங்கியது என்று பலர் நினைத்தார்கள். ஆனால் அதில் சுமார் 537 ஹெக்டர் 2021 மே மாதமே நீக்கப்பட்டுவிட்டது என்ற தகவல், ஆகஸ்ட் கடைசியில் சட்டமன்றத்தில்தான் வெளிவந்தது. எதிர்ப்பு மறுபடியும் கிளம்பியது. செப்டம்பர் 8-ஆம் தேதி, அந்த முடிவு ரத்து செய்யப்படுவதாக மந்திரி பெசார் அமிருடின் ஷாரி அறிவித்தார்.

செம்பனைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

வரவிருந்தது வீட்டுத் திட்டம்தானே, செம்பனையை ஏன் இழுக்கணும் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி.

இது சதுப்புக் காடு. இலை, வேர், மரத்துண்டு எல்லாம் பல ஆயிரம் ஆண்டுகளாக நீரில் ஊறி மக்கி உருவான மண் இது. மலாயில் 'கம்புட்' என்பார்கள். நீரில் மூழ்கியிருக்கும்வரை ஆபத்தில்லை. ஆனால் இப்படிப்பட்ட நிலத்தில் செம்பனை நடணும்னா கால்வாய் வெட்டி நீரை வடிக்கணும். அப்போது தோட்டத்து மண் மட்டும் காய்வதில்லை, பக்கத்துக் காட்டின் நீர்மட்டமும் இறங்கும். காய்ந்த கம்புட் தீப்பிடித்தால் மண்ணுக்கு அடியிலேயே பல நாள் புகைந்துகொண்டிருக்கும்.

கோலா லங்காட் காட்டைச் சுற்றிலும் இன்று செம்பனைத் தோட்டங்களும் குடியிருப்புகளும்தான். காடு ஏற்கெனவே சீரழிந்துவிட்டது, அடிக்கடி தீப்பிடிக்கிறது என்பது 2020-ல் அரசுத் தரப்பு சொன்ன காரணங்களில் ஒன்று. சுற்றியுள்ள நிலத்தை வடித்தால் காடு காயும், காய்ந்தால் எரியும், எரிந்தால் 'சீரழிந்த காடு' என்று பெயர் வரும். அந்தப் பெயர் வந்தபின் அதை நீக்குவது சுலபம்.

அங்கே வாழ்பவர்கள் யார்?

காட்டை ஒட்டிய கிராமங்களில் ஒராங் அஸ்லி மக்களான தெமுவான் சமூகத்தினர் வாழ்கிறார்கள். சில குடும்பங்கள், கேஎல்ஐஏ கட்டும்போது ஏற்கெனவே ஒருமுறை இடம்பெயர்ந்தவை. மூலிகையும் மீனும் பிரம்பும் தரும் இந்தக் காடு தங்கள் பாரம்பரிய நிலம் என்கிறார்கள். ஆனால் கையில் நிலப் பட்டா கிடையாது.

பட்டா இல்லாவிட்டால் உரிமையே இல்லையா? டெங்கிலில் விமான நிலைய நெடுஞ்சாலைக்காக தெமுவான் மக்களின் சுமார் 38 ஏக்கர் நிலம் எடுக்கப்பட்டபோது, நிலத்துக்கென்று இழப்பீடு தரப்படவில்லை. 'சாகோங் தாசி' வழக்கில் 2002-ல் ஷா ஆலம் உயர் நீதிமன்றம் அவர்களின் பாரம்பரிய நில உரிமையை அங்கீகரித்தது. 2005-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி கோபால் ஸ்ரீராம்.

இதில் நமக்கு என்ன?

இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917-ல் கோலா சிலாங்கூரின் தென்னமாரம் தோட்டத்தில் உருவானது. இங்கே காடு வெட்டி, ரப்பரும் செம்பனையும் நட்டதில் நம்ம தாத்தா பாட்டிகளின் உழைப்பு நிறைய இருக்கிறது. பிறகு தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறியபோது, தலைமுறை தலைமுறையாக லயத்தில் இருந்த குடும்பங்களும் வெளியேற வேண்டியிருந்தது. அவர்கள் கையிலும் பட்டா இருக்கவில்லை. தெமுவான் மக்களின் கதையும் நம்ம கதையும் ஒன்றல்ல. ஆனால் அந்த வலி நமக்குப் புதுசு இல்லை.

அப்போ செம்பனையே வேண்டாமா?

அப்படிச் சுலபமாகச் சொல்லிவிட முடியாது. ஒரு ஹெக்டரில் கிடைக்கும் எண்ணெயை வைத்துப் பார்த்தால், சோயாவைவிடச் செம்பனை பல மடங்கு அதிகம் தரும். செம்பனையை ஒதுக்கிவிட்டு சோயாவுக்கு மாறினால் இன்னும் அதிக நிலம் தேவைப்படும். சிறுதோட்டக்காரர்களின் பிழைப்பும் இதில்தான் இருக்கிறது. எதிர்ப்பாளர்களில் பலர் கேட்பது மரத்தை வெட்டச் சொல்லி அல்ல. இனி காட்டைத் தொடாதே என்பதுதான்.

2019-ல் மத்திய அரசு, செம்பனைப் பரப்பளவு 65 லட்சம் ஹெக்டரைத் தாண்டக்கூடாது என்று வரம்பு வைத்தது. 2020 டிசம்பர் 31-க்குப் பின் காடழித்த நிலத்தில் விளைந்த பாமாயிலை வாங்குவதில்லை என்று ஐரோப்பிய ஒன்றியமும் சட்டம் போட்டிருக்கிறது. ஆனால் அரசமைப்புச் சட்டப்படி நிலமும் காடும் மாநில அரசின் அதிகாரத்தில் இருக்கின்றன. எந்தக் காடு காப்பகமாக நீடிக்கும் என்பது மாநிலத்தில்தான் முடிவாகிறது.

இனி என்ன?

வனக் காப்பகத்தை நீக்கும் முன் பொதுமக்கள் கருத்தைக் கேட்கணும் என்ற விதி சிலாங்கூரில் 2011-லேயே வந்துவிட்டது. அந்த விதி இல்லையென்றால் 45,000 ஆட்சேபங்களைப் பதிவு செய்ய இடமே இருந்திருக்காது. அவை மட்டும் காட்டைக் காப்பாற்றவில்லை என்பதும் உண்மை. ஆனால் விஷயம் மறுபடி வெடித்தபோது, 'மக்கள் ஏற்கெனவே வேண்டாம்னு சொன்னாங்களே' என்று காட்ட அந்தப் பதிவு கையில் இருந்தது.

இதே விதியைத் தேசிய வனச் சட்டத்தில் சேர்க்கும் திருத்தம் 2022-ல் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. நீக்கும் காட்டுக்கு ஈடான நிலத்தைக் காப்பகமாக்கணும் என்றும் அது சொல்கிறது. ஆனால் ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியாக ஏற்றால்தான் அது அங்கே செல்லும்.

இப்படிப்பட்ட அறிவிப்பு பெரும்பாலும் நாளிதழின் உள்பக்கத்தில், சின்ன எழுத்தில்தான் வரும். புல்டோசர் வந்தபின் போராடுவதைவிட, அந்த 30 நாளுக்குள் பெயரும் காரணமும் எழுதி அனுப்பும் ஒரு கடிதத்துக்கு மதிப்பு அதிகம்.