வி. டி. கலைச்செல்வனின் வாக்கும் நிலைப்பாடும்

வி. டி. கலைச்செல்வன், பீங்கான் தொழிலுக்குப் பெயர்பெற்ற விருத்தாசலம் தொகுதியிலிருந்து 2016-இல் தேர்வான அதிமுக சட்டமன்ற உறுப்பினராக இருந்தார். பேரவையில் பெரும்பாலான முடிவுகள் குரல் வாக்கெடுப்பிலேயே எட்டப்படுகின்றன. ஆகவே உறுப்பினர் ஒவ்வொருவரும் எப்படி வாக்களித்தார் என்று வாக்காளர் அறிவது அரிது. இதற்கு விதிவிலக்கு, 2017 பெப்ரவரி 18 அன்று நடந்த நம்பிக்கை வாக்கெடுப்பு. எடப்பாடி பழனிசாமி அரசுக்கு ஆதரவாக 122, எதிராக 11 வாக்குகள் விழுந்தன. கலைச்செல்வன் அந்த 122 பேரில் ஒருவர்.

பின்னர் அவர் டி. டி. வி. தினகரனை ஆதரித்தார். 2019 ஏப்ரலில் பேரவைத் தலைவர் ப. தனபால், அவருக்கும் அறந்தாங்கி, கள்ளக்குறிச்சி உறுப்பினர்களுக்கும் தகுதிநீக்க அறிவிப்பு அனுப்பினார். மூவரும் அவையில் கொறடா உத்தரவை மீறியதாகக் குற்றச்சாட்டு இல்லை. அவைக்கு வெளியே தினகரனுடன் செயல்பட்டதே காரணம். கட்சியிலிருந்து 'தானாக விலகுதல்' என்பதை ஒருவரது நடத்தையிலிருந்தே ஊகிக்கலாம் என 1994-இல் உச்ச நீதிமன்றம் கூறியிருந்தது.

அறிவிப்பு வந்த வேளையும் கவனிக்கத்தக்கது. 22 தொகுதி இடைத்தேர்தல் முடிவுகள் மே 23-இல் வரவிருந்தன. மூவர் நீக்கப்பட்டால் அவையின் எண்ணிக்கை குறையும், பெரும்பான்மைக்குத் தேவையான எண்ணும் இறங்கும். விருத்தாசலமோ உறுப்பினரை இழக்கும். மே 6 அன்று உச்ச நீதிமன்றம் நடவடிக்கைக்குத் தடை விதித்தது. அதே ஆண்டில் கலைச்செல்வன் பழனிசாமி அணிக்கே திரும்பினார்.